செங்காங் அடுக்குமாடியிலிருந்து வான்படம்: எதில் தொடங்குவது, சொந்த ஆய்வுக்கூடம் சாத்தியமா?

செங்காங் கிழக்கு

அனைவருக்கும் வணக்கம். செங்காங்கில் 14ஆம் தளத்தில் நாங்கள் குடியிருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பொது நடைவழி கிழக்குப் பார்த்தது. எதிரே பள்ளித் திடல் இருப்பதால் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 65 பாகை உயரம்வரை வானம் மறைப்பின்றித் தெரிகிறது. அதற்கு மேல் அடுத்த தளம் மறைத்துவிடுகிறது. உயர்நிலை இரண்டில் படிக்கும் என் மகள், சிங்கப்பூர் அறிவியல் நிலையத்தின் தொலைநோக்கியில் சனிக்கோளைப் பார்த்த நாளிலிருந்து, அதைத் தானே படமெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எங்களிடம் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் 200 மில்லிமீட்டர் லென்சும் முக்காலியும் இருக்கின்றன. மேற்கொண்டு 1,500 வெள்ளி வரை செலவழிக்க முடியும்.

இணையத்தில் கிடைக்கும் தொடக்கப் பாடங்கள் எல்லாமே, வீட்டின் பின்புறத் தோட்டத்தில் மவுண்டை (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் கருவியை) நிறுத்தித் துருவ விண்மீனைப் பிடியுங்கள் என்றுதான் ஆரம்பிக்கின்றன. எங்களுக்குத் தோட்டமும் இல்லை, துருவ விண்மீனும் தெரிவதில்லை. இந்த ஊருக்கு ஏற்றபடி முதலில் எதை வாங்குவது, எதைப் படமெடுப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். என்றாவது ஒருநாள் சிறியதாக ஓர் ஆய்வுக்கூடம் அமைக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. சிங்கப்பூரில் அது நடக்கக்கூடியதுதானா?

ஈசூன் வடக்குவாசல்

வணக்கம் நண்பரே. உங்கள் மகள் சனிக்கோளைக் கேட்கிறார் என்பதாலேயே பாதி முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. சிங்கப்பூரில் வான்படம் எடுக்க வருகிறவர் நிலவிலும் கோள்களிலும் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேறு வழியில்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இந்த ஊர் வானம் அந்த வேலைக்கு உலகின் பெரும்பாலான இடங்களைவிட நன்றாக அமைந்திருக்கிறது என்பதற்காகவே சொல்கிறேன்.

செயற்கை வெளிச்சத்தால் இரவு வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று ஃபாபியோ ஃபால்கியும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட உலக வரைபடத்தில், ஒளிமாசு மிகுந்த நாடாகச் சிங்கப்பூர்தான் குறிக்கப்பட்டது. இங்குள்ள மக்கள் அனைவருமே, கண் இருளுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்கிறோம். மங்கலான நெபுலாக்களுக்கும் (விண்வெளி வாயு மேகங்கள்) அண்டங்களுக்கும் (தொலைதூர விண்மீன் திரள்கள்) அது பெரிய இடைஞ்சல். கோள்களையோ அது தொடுவதே இல்லை. வியாழனை ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் பதிவு செய்கிறோம். அந்த நேரத்தில் தெருவிளக்கின் வெளிச்சம் படத்தில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.

இனி உயரம். நாம் 1.3 பாகை வட அட்சரேகையில் இருக்கிறோம். கோள்கள் செல்லும் பாதை, நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் வான நடுவரையிலிருந்து இருபுறமும் 23 பாகை அளவிலேயே அலைவதால், எந்த ஆண்டிலும் எந்தப் பெரிய கோளும் உச்சத்தை அடையும்போது நமக்கு ஏறத்தாழ 65 பாகைக்கு மேல் நிற்கும். தனுசு மண்டலத்தில் சனி இருந்த ஆண்டுகளில் லண்டனில் இருந்தவர்கள் அதை 16 பாகை உயரத்தில், கூரைகளை ஒட்டி, கலங்கி நெளியும் காற்றின் ஊடாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலும், நடு அட்சரேகைகளுக்கு மேலே பாய்ந்தோடும் ஜெட் காற்றோட்டம் நம் தலைக்கு மேலே இல்லை. அதனால் மேகம் விலகும் இரவுகளில் படிமம் அசையாமல் நிற்பதை அடிக்கடி காணலாம். நமக்குப் பக்கத்திலேயே, பிலிப்பீன்சின் செபு நகரில் இருந்து படமெடுக்கும் கிறிஸ்டோபர் கோ, வியாழனில் ஒரு வெள்ளைப் புயல் சிவப்பாக மாறியிருப்பதை 2006இல் கவனித்து உலகுக்குச் சொன்னார். நகர வெளிச்சத்தில் வாழும் ஆர்வலர் ஒருவர் தம் வீட்டிலிருந்து செய்த வேலை அது.

செய்முறை இதுதான். தனிப்படம் எடுப்பதில்லை, வீடியோ எடுக்கிறோம். இரண்டு மூன்று நிமிடங்களில் பல ஆயிரம் சட்டகங்கள் (வீடியோவின் தனித்தனிப் படங்கள்) கிடைக்கும். காற்று நின்ற கணங்களில் பதிவான சட்டகங்களை மட்டும் ‘ஆட்டோஸ்டாக்கர்ட்’ மென்பொருள் தேர்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கித் தரும். பிறகு கூர்மையேற்றுவது நம் கையில் இருக்கிறது. வியாழன் 9 மணி 55 நிமிடங்களில் ஒரு சுற்று முடிப்பதால், வீடியோ நீண்டால் விவரங்கள் இழுபட்டுவிடும். மூன்று நிமிடங்களுக்குள் நிறுத்துங்கள். சனிக்கு இன்னும் சற்று நேரம் கிடைக்கும்.

உங்கள் வரவுசெலவுக்கு, 127 மில்லிமீட்டர் விட்டமுள்ள மக்சுத்தோவ் (லென்சும் ஆடியும் சேர்ந்த, குட்டையான குழல் கொண்ட) தொலைநோக்கி ஒன்றும், தானாகப் பின்தொடரும் எளிய மவுண்ட் ஒன்றும், 2.9 மைக்ரான் பிக்சல் கொண்ட கோள் கேமரா ஒன்றும் போதும். பழைய பொருளாகப் பார்த்து வாங்கினால் இன்னும் மிச்சமாகும்.

கார்ப்பேட்டை மேல்தளம்

வடக்குவாசல் ஐயா சொல்லும் வானவியலில் எனக்கு மறுப்பில்லை. வாங்கச் சொல்லும் பொருளில்தான் மறுப்பு. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே கைமேல் பலன் தெரிய வேண்டும். மடிக்கணினி, வீடியோ, அடுக்குதல், கூர்மையேற்றுதல் என்று நான்கு படிகளைத் தாண்டிய பிறகுதான் ஒரு படம் என்றால், பள்ளிப் பாடங்களுக்கு நடுவே ஆர்வம் வற்றிப்போக வாய்ப்புண்டு. சீஸ்டார் எஸ்50 போன்ற திறன் தொலைநோக்கி ஏறத்தாழ இரண்டரைக் கிலோ எடைதான். தரையில் வைத்து, கைப்பேசியில் பொருளைத் தேர்ந்தால், தானே வானத்தைப் படமெடுத்துத் திசையை அறிந்து, தானே பின்தொடர்ந்து, பத்து நொடிப் படங்களை அடுக்கிக் காட்டும். பனி படியாமல் இருக்கச் சூடாக்கியும், ஹைட்ரஜன், ஆக்சிஜன் வாயுக்களின் ஒளியை மட்டும் விடும் வடிப்பானும் உள்ளேயே இருக்கின்றன.

அந்த வடிப்பானைப் பற்றி இரண்டு வார்த்தை. முன்பு மஞ்சள் சோடியம் விளக்குகள் இருந்தபோது, அந்த ஒரு நிறத்தை வெட்டும் வடிப்பான்கள் நன்றாக வேலை செய்தன. நிலப் போக்குவரத்து ஆணையம் சாலை விளக்குகளை எல்இடிக்கு மாற்றிய பிறகு வெளிச்சம் எல்லா நிறங்களிலும் பரவிவிட்டதால், அந்தப் பழைய வகையை இப்போது யாரும் வாங்க வேண்டாம். 656 நானோமீட்டரில் ஹைட்ரஜனையும் 501 நானோமீட்டரில் ஆக்சிஜனையும் மட்டும் விடும் இரட்டைப் பட்டை வடிப்பான்தான் இன்று இங்கே பயன்படும். அண்டங்களுக்கு அது உதவாது, அவை எல்லா நிறங்களிலும் ஒளிர்பவை. ஓரியன் நெபுலா, லகூன் நெபுலா போன்றவற்றுக்கு நன்றாக உதவும்.

இன்னொன்று. இப்படிப்பட்ட கருவிகள் மேல்கீழ், இடம்வலம் என்று நகர்வதால் படத்தின் சட்டம் மெதுவாகச் சுழலும் என்று எல்லாரும் குறை சொல்வார்கள். நிலநடுக்கோட்டில் அந்தக் குறை இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓரியன் நெபுலா கிழக்கில் நேராக மேலேறுவதால், 45 பாகை உயரத்தில் அதன் சட்டச் சுழற்சி மணிக்கு மூன்று பாகை அளவுதான். அதே நெபுலா தலைக்கு மேலே வடக்கு-தெற்குக் கோட்டைக் கடக்கும்போது மணிக்கு நூறு பாகையைத் தாண்டிவிடும். ஆகவே கிழக்குப் பார்த்த நடைவழி இவருக்குக் குறையே அல்ல. உச்சி தெரியவில்லை என்று வருந்தவும் வேண்டாம்; அங்கே இந்தக் கருவி எப்படியும் தடுமாறும்.

ஈசூன் வடக்குவாசல்

நெபுலாவுக்கு நீங்கள் சொல்வது அத்தனையும் சரி. ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது சனியின் வளையம். சீஸ்டார் எஸ்50இன் குவியத் தூரம் 250 மில்லிமீட்டர், பிக்சல் 2.9 மைக்ரான். அப்படியானால் ஒரு பிக்சலுக்கு 2.4 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு). வளையத்தின் முழு அகலமும் 43 வில்நொடி அளவே என்பதால், சனிக்கோள் பதினெட்டு பிக்சல் அகலத்தில் ஒரு நீள்வட்டப் புள்ளியாக வரும். நான் சொன்ன மக்சுத்தோவில் குவியத் தூரம் 1,500 மில்லிமீட்டர். அதே வளையம் நூறு பிக்சலுக்கு மேல் விரியும், வளையத்தைப் பிரிக்கும் கருங்கோடான காசினி இடைவெளியும் நல்ல இரவில் பதிவாகும். வாங்கிய கருவி கேட்டதைத் தராவிட்டால் ஆர்வம் இன்னும் வேகமாக வற்றிப்போகும்.

பொங்கோல் அலை

கருவி எதுவாக இருந்தாலும் அதை வீட்டில் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நம் ஊரில் ஒளிமாசைவிட ஈரப்பதம்தான் தொலைநோக்கிகளை அதிகம் கொல்கிறது. விடியற்காலையில் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது இங்கே வழக்கமான செய்தி. அலமாரியில் மூடி வைத்த லென்சில் சில மாதங்களிலேயே பூஞ்சை சிலந்தி வலையைப்போல் படர்ந்துவிடும். கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் மின்சார ட்ரை கேபினெட் (ஈரத்தைக் குறைத்து வைக்கும் பெட்டி) ஒன்றை உங்கள் 1,500 வெள்ளிக்குள் சேர்த்துக் கணக்கிடுங்கள். 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்தால் போதும். மிகவும் உலரவிட்டால் கருவியின் உள்ளே இருக்கும் மசகும் ரப்பரும் கெடும்.

குளிரூட்டிய படுக்கையறையில் தொலைநோக்கியை வைக்காதீர்கள். குளிர்நாடுகளின் பாடங்களில், கருவியை வெளியே வைத்துக் குளிரவிடுங்கள் என்று எழுதியிருப்பார்கள். இங்கே நிலைமை தலைகீழ்: 24 பாகை செல்சியஸ் அறையிலிருந்து 28 பாகை நடைவழிக்குக் கொண்டுவந்தால் முன்கண்ணாடி அந்த நிமிடமே வியர்த்துவிடும். கூடத்தில், காற்றாடிக்குக் கீழே இருந்த கருவியை எடுத்துச் சென்றால் அந்தத் தொல்லை இல்லை. கீழ்வீட்டுக் குளிர்சாதனக் கம்ப்ரசர் உங்கள் பார்வைத் திசைக்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிலிருந்து எழும் வெப்பக்காற்று, வடக்குவாசல் ஐயா சொன்ன அசையாத வானத்தை நொடியில் கலக்கிவிடும்.

நடைவழி நம்முடையது அல்ல, பொதுச்சொத்து. குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி 1.2 மீட்டர் அகலம் எப்போதும் தடையின்றி இருக்க வேண்டும். முக்காலியின் கால்களைச் சுவரோடு ஒட்டி ஒடுக்கி வையுங்கள், கம்பிகளைக் குறுக்கே ஓடவிடாதீர்கள், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவிடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது மிகவும் முக்கியம். எதிர்ப் புளோக்கின் சன்னல்களைப் பார்க்கிறார்களோ என்ற ஐயம் யாருக்கும் வந்துவிடக் கூடாது. நான் முதலில் செய்த வேலை, பக்கத்து வீட்டு மலாய் அம்மையார் மாக்சிக்கையும் அவர் பேரப்பிள்ளைகளையும் அழைத்து நிலவின் பள்ளங்களைக் காட்டியதுதான். இப்போது மேகம் விலகினால் எனக்கு முன்பே அவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

செங்காங் கிழக்கு

எல்லாருக்கும் நன்றி. பொங்கோல் அக்கா சொன்ன கம்ப்ரசரை இன்று போய்ப் பார்த்தேன். எங்கள் பகுதியில் அவை கட்டடத்தின் மறுபக்கத்தில் இருக்கின்றன. இரண்டு ஐயங்கள். கையில் இருக்கும் கேமராவையும் 200 மில்லிமீட்டர் லென்சையும் வைத்து, எதையும் வாங்காமல் இந்த மாதமே செய்யக்கூடியது ஏதாவது உண்டா? பிற்காலத்தில் நல்ல மவுண்ட் வாங்கினால், துருவ விண்மீன் இல்லாத இடத்தில் அதன் அச்சைத் துருவத்தை நோக்கி எப்படிச் சீரமைப்பது?

தெம்பனிஸ் நடுக்கோடு

முதல் கேள்விக்கு: நிலவு. 200 மில்லிமீட்டரில் அது சென்சாரில் 1.8 மில்லிமீட்டர் அளவில் விழும்; நான்கு மைக்ரான் பிக்சலில் 450 பிக்சல் அகலம் கிடைக்கும். வளர்பிறை ஏழாம் எட்டாம் நாளில், ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான கோட்டை ஒட்டிப் பள்ளங்களின் நிழல்கள் நீண்டிருக்கும்போது எடுங்கள். அந்த நாள்களில் நிலவு மாலையிலேயே உச்சிக்கு வந்துவிடுவதால், கீழே திடலில் இறங்கி எடுக்க வேண்டும். ஒரே படத்தோடு நிறுத்தாமல் ஐம்பது அறுபது படங்களை எடுத்து அடுக்கினால், கோள் படத்துக்கான பயிற்சி முழுவதும் செலவில்லாமல் கிடைத்துவிடும். ‘சிரில்’ என்ற இலவச மென்பொருளே போதும். விண்மீன்கள் நொடிக்கு 15 வில்நொடி நகர்வதால், பின்தொடரும் மவுண்ட் இல்லாமல் இந்த லென்சில் அரை நொடிக்கு மேல் திறந்து வைத்தால் அவை கோடாகத் தொடங்கும். அந்த அரை நொடியிலும் பல நூறு படங்களை அடுக்கினால் ஓரியன் நெபுலாவின் நடுப்பகுதி தெரியும்.

இரண்டாவது கேள்வி விரிவாகப் பேச வேண்டியது. கோட்பாட்டளவில் துருவ விண்மீன் நமக்கு அடிவானத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மூட்டத்துக்கும் கட்டடங்களுக்கும் நடுவே அதைக் கண்டவர் யாருமில்லை. தென்துருவம் அடிவானத்துக்குக் கீழே. ஆகவே துருவத்தைப் பார்க்கும் சிறு தொலைநோக்கியை மறந்துவிடுங்கள். இப்போதைய வழி, வானத்தில் தெரியும் ஏதாவது ஒரு பகுதியில் மூன்று இடங்களில் படமெடுத்து, ஒவ்வொரு படத்திலும் உள்ள விண்மீன்களை மென்பொருள் அடையாளம் கண்டு, மவுண்டின் அச்சு எங்கே பார்க்கிறது என்று கணக்கிட்டுச் சொல்வது. ‘நினா’ என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளிச் சீரமைப்பு என்று ஒரு செருகுநிரல் இருக்கிறது; கிழக்கு வானம் மட்டும் தெரிந்தாலும் வேலை செய்யும்.

மென்பொருளைவிட இரும்பில்தான் சிக்கல் பெரிது. நம் ஊரில் மவுண்டின் அச்சு ஏறத்தாழ படுக்கைவசமாக, வடக்கு நோக்கி நீண்டு கிடக்க வேண்டும். பல மவுண்ட்களில் சாய்வைக் குறைக்கும் திருகு 10, 15 பாகைக்குக் கீழே இறங்காது. இறங்கினாலும், எதிர்எடைத் தண்டு கீழே சுற்றிவரும்போது முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே ஒரு நீட்டுத்தண்டு வைத்து உயர்த்தினால் தப்பிக்கலாம். எதிர்எடையே தேவைப்படாத ஹார்மோனிக் வகை மவுண்ட்கள் வந்த பிறகு இந்தத் தொல்லை பெரிதும் குறைந்திருக்கிறது. எதை வாங்கினாலும், அட்சரேகை வரம்பு சுழியிலிருந்து தொடங்குகிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு, கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

குளிர்விக்கும் கேமராவைப் பிற்காலத்தில் வாங்க நினைத்தால் அதற்கும் ஒரு குறிப்பு. அவை சுற்றுப்புறத்தைவிட 35 பாகை அளவு குளிர்விக்கக்கூடியவை. ஐரோப்பியர்கள் கழித்தல் 20 என்று வைப்பதைப் பார்த்து நாமும் வைத்தால், 28 பாகை இரவில் அது எட்டவே எட்டாது, மின்சாரம்தான் வீணாகும். சுழி அல்லது கழித்தல் 5 என்று வைத்துக்கொண்டு, இருள்சட்டங்களையும் (மூடியை மாட்டி எடுக்கும் இருட்டுப் படங்கள்) அதே வெப்பநிலையில் எடுத்துச் சேமியுங்கள்.

சிராங்கூன் கூரைத்தளம்

ஆய்வுக்கூடம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நான் பெற்றோரின் தரைவீட்டில் இருக்கிறேன். மேலே திறந்த தளம் உண்டு. அங்கே ஒரு தூணை நிறுத்தி, அதன்மேல் மவுண்டை நிரந்தரமாகப் பொருத்தி, சக்கரங்களில் ஓடும் பெட்டி ஒன்றால் மூடுகிறேன். படமெடுக்கும்போது பெட்டியைத் தள்ளிவிட்டால் முழு வானமும் கிடைக்கும். குவிமாடம் கட்டுவது பற்றியும் யோசித்தேன். கூரைமேல் நிலையான கட்டமைப்பு எழுப்பினால், தரைவீடுகளுக்கான உயர வரம்பும் அனுமதியும் குறுக்கே வருவதால், அகற்றக்கூடிய பெட்டியே போதும் என்று முடிவு செய்தேன்.

நிரந்தரமாக நிறுத்துவதில் கிடைக்கும் பெரிய இலாபம் நேரம். சிங்கப்பூர் வானம் அறிவித்துவிட்டுத் திறப்பதில்லை. ஒன்பது மணிக்கு இடி, பத்தரைக்குத் தெளிவு, பன்னிரண்டுக்கு மீண்டும் மூட்டம் என்பதுதான் நம் இரவு. அந்த ஒன்றரை மணி நேரத்தில் முக்கால் மணியைச் சீரமைப்புக்கே கொடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? என் தூணில் சீரமைப்பு மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. பெட்டியைத் தள்ளி ஐந்து நிமிடங்களில் படம் தொடங்கிவிடுகிறது.

ஆனால் இங்கே ஆய்வுக்கூடத்துக்கு எதிரிகள் இருவர். ஒன்று வெப்பம். மூடிய பெட்டிக்குள் நண்பகலில் அனல் தேங்கும். காற்றோட்டத் துளைகளும் வெள்ளைப் பூச்சும் கட்டாயம் வேண்டும். கேமராவையும் முன்கண்ணாடியையும் நான் ஒவ்வொரு முறையும் கழற்றி ட்ரை கேபினெட்டுக்கு எடுத்துச் செல்கிறேன். மவுண்ட் மட்டும் மேலே தங்குகிறது. மற்றொன்று மின்னல். உலகிலேயே மின்னல் மிகுந்த இடங்களில் ஒன்றில் நாம் இருக்கிறோம். வேலை முடிந்ததும் எல்லாக் கம்பிகளையும் சுவரிலிருந்து உருவிவிட வேண்டும்; அணைத்து வைத்தால் போதாது. தென்மேற்குப் பருவத்தில் விடியலுக்கு முன் வரும் சுமத்ராக் காற்றுமழைக்கு முன்னறிவிப்பு நேரம் மிகக் குறைவு என்பதால், கருவியை ஓடவிட்டுத் தூங்கப் போவது இங்கே நடக்காத காரியம்.

கார்ப்பேட்டை மேல்தளம்

நம்மில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வீவக வீடுகளில் இருக்கிறோம், எனவே கூரைத்தளம் எல்லாருக்கும் வாய்க்காது. அவர் சொன்ன நேரச் சேமிப்பை மட்டும் எப்படிப் பெறுவது என்று யோசிக்கலாம். என் பெயரில் இருப்பதுபோலவே, நான் எங்கள் பலமாடிக் கார்ப்பேட்டையின் மேல்தளத்துக்குத்தான் செல்கிறேன். அங்கே ஒரு மூலையில், முக்காலியின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தைச் சுண்ணக்கட்டியால் சிறிதாகக் குறித்துக்கொள்வேன். மழை அழித்தால் மீண்டும் குறிப்பேன். காலின் நீளத்தை ஒருபோதும் மாற்றுவதில்லை. இதனால் சீரமைப்பு முதல் முயற்சியிலேயே அரைப் பாகைக்குள் வந்துவிடும். செங்காங் நண்பர் தம் வீட்டு வாசலிலேயே இதைச் செய்யலாம். வெயிலில் காய்ந்த கான்கிரீட் தளம் இரவு பத்து, பதினொன்று வரை வெப்பத்தை வெளியிடும். கோள்களைப் படமெடுக்க அதற்குப் பிறகுதான் நல்ல நேரம். சரிவில் கார் ஏறினால் தளமே அதிரும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

ஜவ்வாது மலையடி

என் வழி வேறு. எங்கள் பூர்வீக ஊர் திருப்பத்தூர் பக்கம், ஜவ்வாது மலையின் அடிவாரம். அந்த மலையின் மீதுதான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்ததற்கு முக்கியமான காரணம், 12.5 பாகை அட்சரேகையில் தென்வானத்தின் பெரும்பகுதியும் எட்டும் என்பது. 1977இல் யுரேனசின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அந்த நிகழ்வைப் பதிவு செய்தது. பேராய்வகத்துக்கு ஏற்ற வானம் என்றால் நமக்கும் ஏற்றதுதானே என்று எண்ணி, பாட்டி வீட்டு மொட்டைமாடியில் ஓடும் கூரை கொண்ட சிறு அறை ஒன்றைக் கட்டினோம். இங்கே தோ பாயோவில் உட்கார்ந்தபடி இணையம் வழியாக அதை இயக்குகிறேன்.

அங்கே துருவ விண்மீன் 12 பாகை உயரத்தில் கண்ணுக்குத் தெரிவதால் சீரமைப்பு எளிது. சனவரி முதல் ஏப்ரல் வரை தொடர்ந்து தெளிவான இரவுகள் கிடைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கூரையைத் திறப்பதே அரிது. மின்தடைக்கு மின்கல ஏற்பாடு வேண்டும். தூசு கண்ணாடியில் ஏறும். குரங்குகள் கம்பியைப் பிடுங்கும். கூரை முழுமையாக மூடியதா என்பதை உணர்த்தியும் (சென்சார்) கேமராவும் தனித்தனியாகக் காட்ட வேண்டும், ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, சொன்னவுடன் மாடிக்கு ஏறிப் பார்க்கும் ஆள் ஒருவர் அங்கே வேண்டும். எங்களுக்கு என் மாமா மகன் இருக்கிறான். அப்படி ஆள் இல்லாதவர்கள், ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங் போன்ற இடங்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் தொலைநோக்கிகளைப் பயன்படுத்துவதே மலிவு.

தெம்பனிஸ் நடுக்கோடு

இருண்ட வானத்தை ஒருமுறையாவது காண விரும்பினால் ஜொகூரின் கிழக்குக் கரையில் இருக்கும் மெர்சிங் பக்கம் போய்வரலாம். இங்குள்ள ஆர்வலர்கள் பலரும் அமாவாசையை ஒட்டிய வார இறுதிகளில் அங்கேதான் போகிறார்கள். ஒளிமாசின் விலையை எண்ணில் சொன்னால் புரியும். பின்னணி வானம் ஒரு மேக்னிட்யூட் (பிரகாசத்தை அளக்கும் அலகு) வெளுத்தால், அதே தரமான படத்துக்கு இரண்டரை மடங்கு நேரம் தேவை. நான்கு மேக்னிட்யூட் வேறுபட்டால் அது நாற்பது மடங்கு. அங்கே அரை மணியில் கிடைக்கும் அண்டப் படம், இங்கே இருபது மணி நேரம் கேட்கும். கோள்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதனால்தான் நானும் வடக்குவாசல் ஐயாவின் பக்கம்.

செங்காங் கிழக்கு

மகளுடன் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். மக்சுத்தோவையே வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம். நிலவை டிஎஸ்எல்ஆரில் எடுத்து அடுக்கும் பயிற்சியை இந்த வாரமே அவள் தொடங்கிவிட்டாள். கடைசியாக ஒன்று: எங்கள் நடைவழியில் மேற்கும் உச்சியும் கிடையாது. சனியை எந்த மாதங்களில், எத்தனை மணிக்கு எதிர்பார்க்கலாம்?

ஈசூன் வடக்குவாசல்

நல்லது. உங்கள் இடத்துக்கு, சனி சூரியனுக்கு நேரெதிரே வரும் நாளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஆண்டும் அது ஏறத்தாழ இரண்டு வாரம் தள்ளிப்போகும். அந்த நாளில் மாலை ஏழு மணிக்குச் சூரியன் மறையும்போதே சனி கிழக்கில் உதிக்கும். நம் ஊரில் அது சாய்வாக ஊர்ந்து ஏறுவதில்லை. மணிக்கு 15 பாகை வீதம் ஏறத்தாழ செங்குத்தாக ஏறும். ஒன்பது மணிக்கு 30 பாகை, பத்து மணிக்கு 45 பாகை, பதினொன்றரைக்கு உங்கள் கூரைக்குள் மறைந்துவிடும். 40 பாகைக்குக் கீழே காற்று மண்டலம் நிறங்களைப் பிரித்து ஓரங்களில் சிவப்பும் நீலமும் காட்டும் என்பதால், ஒன்பதே முக்காலிலிருந்து பதினொன்றேகால்வரை உங்கள் நேரம். ஒவ்வொரு மாதமும் கோள் இரண்டு மணி நேரம் முந்தி உதிக்கும். எனவே நேரெதிர் நாளுக்கு ஒரு மாதம் முன்பு இந்த நேரம் நள்ளிரவை ஒட்டித்தான் வாய்க்கும். ஒரு மாதம் பின்பு எட்டு மணிக்கே தொடங்கி, ஒன்பதேகாலுக்குள் முடிந்துவிடும். பள்ளி நாள்களுக்கு அந்தப் பிந்தைய மாதமே வசதி.

குவியத்தை அருகிலுள்ள பிரகாசமான விண்மீனில், முன்னே பாத்தினோவ் மறைப்பை (குவியம் சரியா என்று காட்டும், பிளவுகள் கொண்ட மூடியை) மாட்டிச் சரிசெய்துவிட்டு, பிறகு சனிக்குத் திரும்புங்கள். திருகைத் தொட்டதும் படிமம் ஆடும். அது அடங்கும்வரை காத்திருந்து பார்த்து, பிறகு அடுத்த சிறு திருப்பம். பதிவாகும் பகுதியை 640க்கு 480 பிக்சலாகச் சுருக்கினால் சட்டக வேகம் கூடும். ஒவ்வொரு சட்டகமும் 20, 30 மில்லிநொடி அளவில் இருக்கட்டும். ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பாதிக்குச் சற்று மேலே வரும்வரை கெயினை (கேமரா சமிக்ஞையைப் பெருக்கும் அளவை) கூட்டலாம். வீடியோவை ‘எஸ்இஆர்’ வடிவில் சேமிக்கச் சொல்லுங்கள், ஏவிஐ வேண்டாம். நான்கு நிமிட வீடியோக்களாகப் பல எடுத்து, எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். மகளுக்கு அடுக்கும் கை பழகிய பிறகு, அதே வீடியோக்களிலிருந்து இன்னும் நல்ல படம் வரும்.